பழைய காரின் இக்னிசனும் கதவுப் பூட்டும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அப்பா விட்டுப்போன 1959 மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. கல்லடியில் அதைக் கழுவிக்கொண்டு நின்றால் போதும், தெருவால் போகிற இரண்டு பேராவது சைக்கிளை நிறுத்திவிட்டுத் தங்கள் வீட்டுப் பழைய காரைப் பற்றிக் கேட்பார்கள். பத்துக் கேள்வியில் ஆறு திறப்பையும் பூட்டையும் பற்றியதாகவே இருக்கும். நான் மெக்கானிக் இல்லை. என் காரில் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியவன். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் மைனரை வைத்து எழுதியவை. அந்தக் காலத்து ஒஸ்ரின், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களிலும் மின்சாமான் அதே லூக்காஸ் கொம்பனியுடையதுதான் என்பதால் அநேகமாக அவற்றுக்கும் சரிவரும்.

திறப்பு உள்ள போகுது, ஆனா திரும்புதில்ல. பலமாத் திருப்பினா உடைஞ்சிடுமோ எண்டு பயமாக் கிடக்கு.

பயம் நியாயம், பலமாகத் திருப்ப வேண்டாம். குறட்டால் பிடித்துத் திருப்பவே வேண்டாம். பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே மயிர்போன்ற ஒரு சுருள்வில். சரியான திறப்புப் போனால் எல்லாத் தகடும் உருளையின் மட்டத்துக்கு இறங்கும், உருளை சுற்றும். ஒரு தகடு அரை மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் சுற்றாது. அந்த ஒரு தகட்டோடுதான் உங்கள் கை மல்லுக்கட்டுகிறது.

திறப்பை முழுவதும் உள்ளே தள்ளுங்கள், பிறகு ஒரு நூலளவு வெளியே இழுத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அப்படித் திரும்பினால் தேய்ந்தது திறப்பு, பூட்டு அல்ல. எப்படி ஆட்டினாலும் அசையாவிட்டால் உள்ளே அழுக்கு இறுகியிருக்கிறது, அல்லது ஒரு சுருள்வில் கறள் பிடித்து முறிந்திருக்கிறது. புதுக் கார் ஓடிப் பழகியவர்கள் ஸ்ரியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவார்கள். நம் ஊரில் நிற்கிற மைனர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்ரியரிங் பூட்டே கிடையாது, ஆட்டிப் பலனில்லை.

தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டா இளகாதா?

இளகும். இரண்டு கிழமைக்கு இளகும். அப்புறம் அந்த எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகி, முன்பு இருந்ததைவிடக் கெட்டியாகும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வீதியால் ஓடுகிற காரில் இதை நன்றாகப் பார்க்கலாம். அறுவடை நேரத்துத் தூசி எண்ணெயில் ஒட்டிக் களிமண் மாதிரி நிற்கும். கடலோரமான எழுவான்கரையில் தூசி குறைவு, ஆனால் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சுருள்வில்லைத் தின்னும். கிரீசும் தையல் மெசின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயின் சொந்தக்காரர்கள்தான்.

பூட்டுக்குப் போடவேண்டியது காரீயத் தூள், அதாவது பென்சிலுக்குள் இருக்கிற கரி. கடையில் தூளாகக் கிடைக்காவிட்டால் சித்திரம் கீறுகிற மெதுவான 6பி பென்சிலைத் திறப்பின் இரு பக்கமும் பல்லிலும் நன்றாகத் தேய்த்து, பத்துத் தடவை உள்ளே விட்டு எடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் முதலில் அதை எடுக்கவேண்டும். உருளையைக் கழற்றி ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அப்புறம்தான் கரி. ஒரு எச்சரிக்கை. பென்சில் கரி மின்சாரம் கடத்தும். கதவுப் பூட்டுக்குத் தாராளமாகப் போடலாம். இக்னிசன் பூட்டுக்குத் திறப்பில் பூசுகிற அளவு போதும், தூளாக ஊத வேண்டாம். பின்னால் இருப்பது சுவிச்.

புதுசா ஒரு திறப்பு வெட்டினன் அண்ணை, பழசவிட மோசமா வேலை செய்யுது. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானா?

இல்லை, அவர் நீங்கள் கொடுத்ததை அச்சொட்டாக வெட்டியிருக்கிறார். பிழை அங்கேதான். அறுபது வருடம் தேய்ந்த திறப்பைக் கொடுத்தால் அறுபது வருடத் தேய்மானத்தோடு புதுத் திறப்பு வரும், அதோடு வெட்டும் இயந்திரத்தின் சின்னப் பிசகும் சேரும். அதைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் இன்னும் கெடும். நான் இப்படி மூன்று தலைமுறைத் திறப்பு வெட்டி வைத்திருந்தேன். மூன்றாவது கதவுக்குள் போகவே மறுத்தது.

செய்யவேண்டியது இலக்கத்தைப் பார்த்து வெட்டுவது. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களின் திறப்புகளில் எஃப்.ஏ., எஃப்.எஸ்., எம்.ஆர்.என். போன்ற எழுத்துகளும் ஒரு இலக்கமும் அடித்திருக்கும். திறப்பில் அழிந்திருந்தால் இக்னிசன் பூட்டின் முகத்தைத் துணியால் துடைத்து, ரோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பல கார்களில் திறப்பு நுழைகிற இடத்தைச் சுற்றியே அதே இலக்கம் இருக்கும். வெளியே நின்று எவரும் வாசிக்கலாம்! அந்த நாளில் ஒருவரை ஒருவர் நம்பினார்கள் போல. இந்த இலக்கத்தைச் சொன்னால் பழைய கார்ச் சாமான் விற்பவர்கள் தொழிற்சாலையில் வெட்டியபடியே புதுத் திறப்புத் தருவார்கள். இங்கிலாந்தில் சொந்தக்காரர் இருந்தால் வேலை இன்னும் இலகு, கடித உறையில் வந்துவிடும்.

இலக்கம் எங்குமே இல்லாவிட்டால் கழற்றிய உருளையைத் திறப்பு வெட்டுபவரிடம் கொண்டுபோங்கள். திறப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தகடுகளைப் பார்த்துப் பார்த்து அராவுகிற ஆள் வேண்டும். அப்படியானவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், ஆனால் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் விசாரித்தால் ஒருவராவது அகப்படுவார்.

கதவுக்கும் இக்னிசனுக்கும் ஒரே திறப்பா, ரெண்டா?

கார் புதிதாக வந்தபோது எப்படி வந்தது என்பதைவிட, உங்கள் காரில் இன்றைக்கு என்ன மாட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கைமாறிக் கைமாறி வந்த காரில் ஒரு பூட்டாவது வேறு காரிலிருந்து வந்திருக்கும். இரண்டு திறப்பு இருந்தால் குறை ஒன்றும் இல்லை. இன்னொன்று, பழைய கார்கள் பலவற்றில் ஒரு முன்கதவில் மட்டும்தான் திறப்புத் துவாரம் இருக்கும். மற்றக் கதவுகளை உள்ளே இருந்து கைபிடியால் பூட்டிவிட்டு அந்தக் கதவால் இறங்கவேண்டும். துவாரம் இல்லையே என்று துளைபோட வேண்டாம். ஏறாவூர்ப் பக்கம் ஒருவர் அப்படித் துளைத்த கதவை நான் பார்த்திருக்கிறேன்.

காக்கா, எங்கட காருக்கு எந்தத் திறப்பப் போட்டாலும் ஸ்ராட் ஆகுது. அலுமாரித் திறப்புக்கும் ஆகுது. இது நல்லமா கெட்டதா?

தகடுகள் எல்லாம் தேய்ந்து உருளைக்குள்ளேயே படுத்துவிட்டன. முதல் பதிலில் சொன்ன ‘வெளியே நீட்டி நிற்கிற தகடு’ இங்கே ஒன்றுகூட இல்லை, அதனால் எதைப் போட்டாலும் சுற்றும். ஓடும்போது திறப்புத் தானாக விழுவதும் இதனால்தான். விழுந்தாலும் இஞ்சின் நிற்காது, சுவிச் போட்ட இடத்திலேயே இருக்கும். ஆனால் பாலத்தின் நடுவில் குனிந்து திறப்புத் தேடுவது ஆபத்து.

உருளையை மட்டும் மாற்றலாம், முழு சுவிச்சையும் மாற்றத் தேவையில்லை. அதுவரைக்கும் பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கிற பூமிக் கேபிளில் ஒரு துண்டிப்பு சுவிச் போடுங்கள். கழற்றி எடுக்கக்கூடிய குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காரை நிறுத்திவிட்டுக் குமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அலுமாரித் திறப்பு வைத்திருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. மின் ஒழுக்கால் நடக்கிற தீ விபத்துக்கும் இதுதான் மலிவான காப்பு. பூட்டுத் திருத்திய பிறகும் அதைக் கழற்ற வேண்டாம்.

திறப்பப் போட்டா சிவப்பு லைற் எரியுது. ஆனா இஞ்சின் சுத்துதில்ல. இக்னிசன் சுவிச் போயித்தா?

உங்கள் கார் எந்தச் சாதி என்று முதலில் பாருங்கள். என்னுடையது மாதிரி முந்தியவற்றில் திறப்பு மின்சாரத்தை மட்டும்தான் கொடுக்கும். ஸ்ராட்டருக்கு டாஷ்போட்டில் இழுக்கிற குமிழ் தனியாக உண்டு. அது ஒரு கம்பியால் சுவிச்சை நேரடியாக இழுக்கிறது. அதில் இக்னிசன் சுவிச்சைக் குற்றம் சொல்ல முடியாது. பிந்தியவற்றில் திறப்பையே இன்னும் திருப்பினால் ஸ்ராட் ஆகும், நடுவில் சொலனொயிட் ஒன்று, அதாவது மின்காந்தத்தால் இயங்குகிற சுவிச், இருக்கும்.

ஹெட்லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். லைற் மங்கிப்போனால் பற்றரியோ அதன் முனையோ பலவீனம். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கேபிளைக் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டி மேலே வசலின் பூசுங்கள். லைற் மங்காமல் அப்படியே எரிந்து, இஞ்சினும் சுற்றாவிட்டால் கட்டளை ஸ்ராட்டருக்குப் போகவில்லை. சொலனொயிட்டில் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு அமுக்கி இருந்தால் கியரை நியூற்றலில் போட்டுக் கைபிறேக் இழுத்துவிட்டு அதை அமுக்குங்கள். இஞ்சின் சுற்றினால் ஸ்ராட்டர், பற்றரி, சொலனொயிட் மூன்றும் சுகம். பிழை சுவிச்சிலோ அதிலிருந்து வருகிற வெள்ளையில் சிவப்புக் கோடிட்ட வயரிலோ இருக்கிறது.

இஞ்சினையும் உடலையும் இணைக்கிற பின்னல் கேபிளை மறந்துவிடாதீர்கள். அது அறுந்திருந்தால் மின்சாரம் வேறு வழி தேடி சோக் கம்பியால் போகும். எனக்கு ஒருநாள் டாஷ்போட்டுக்குக் கீழே புகை வந்தது. தொட்டால் சோக் கம்பி அடுப்பில் வைத்த இரும்பு மாதிரிச் சுட்டது. சுவிச் எரிகிறது என்று நினைத்து சுவிச்சைக் கழற்றி, வீணாக அரைநாள் போயிற்று.

சிவப்பு லைற்றும் எரியுதில்ல. ஒண்டுமே இல்ல, செத்த கார் மாதிரி.

ஹோர்ன் அடித்துப் பாருங்கள். மைனரில் ஹோர்னுக்கு மின்சாரம் இக்னிசன் சுவிச் வழியாகப் போவதில்லை. ஹோர்ன் அடிக்கிறது, திறப்புக்கு ஒன்றும் இல்லை என்றால் பற்றரி உயிரோடு இருக்கிறது, பிழை சுவிச்சுக்கு வருகிற வழியில் அல்லது சுவிச்சிலேயே. ஹோர்னும் இல்லையென்றால் மேலே சொன்ன முனைகளும் பூமிக் கேபிளும்தான்.

அடுத்தது வயர் நிறம். லூக்காஸ் வயரிங்கில் மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிசன் போட்டால் உயிர் வருவது, பச்சை அந்த வெள்ளையே பியூஸ் தாண்டி வருவது, கறுப்பு பூமி. இதை மனப்பாடம் செய்தால் பாதி மெக்கானிக். பன்னிரண்டு வோல்ற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒரு முனையை உடலிலும் மறு முனையை சுவிச்சின் மண்ணிறத்திலும் வையுங்கள். எரியவேண்டும். திறப்பைப் போட்டு வெள்ளையில் வையுங்கள். மண்ணிறத்தில் எரிந்து வெள்ளையில் எரியாவிட்டால் சுவிச் கழற்றவேண்டியதுதான். மண்ணிறத்திலேயே இல்லையென்றால் சுவிச் நிரபராதி, அதற்கு முன்னால் எங்கோ முனை கழன்றிருக்கிறது.

இங்கே கவனம். வெள்ளை வயருக்கு பியூஸ் கிடையாது. இந்தக் காரில் இரண்டே இரண்டு பியூஸ்தான், இரண்டும் 35 அம்பியர், இரண்டுமே பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கிற கொயிலுக்குப் போகிற வெள்ளையைக் காப்பதில்லை. அதனால் வெள்ளை எங்காவது உடலில் உரசினால் வயர்க் கட்டே எரியும். சோதிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான் டாஷ்போட்டுக்குக் கீழே கைவிடவேண்டும். சிகரற் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிவைத்த பியூஸ் இருந்தால் இன்றைக்கே எறியுங்கள்.

ஓடிக்கொண்டு போகேக்க குழியில விழுந்தா இஞ்சின் நிண்டு நிண்டு வருகுது. சுவிச்சா, பொயின்ற்றா? ஆளுக்கு ஒண்டு சொல்றாங்க.

இது எனக்குப் பிடித்த கேள்வி. பதில் டாஷ்போட்டிலேயே எழுதியிருக்கிறது. இஞ்சின் தடக்குகிற கணத்தில் பெற்றோல் மீற்றர் முள்ளைப் பாருங்கள். முள்ளும் சேர்ந்து விழுந்தால் சுவிச் அல்லது அதற்கு வருகிற மண்ணிற வயர். முள் அசையாமல் நிற்க இஞ்சின் மட்டும் தடக்கினால் டிஸ்ரிபியூட்டர் பக்கம் போங்கள், பொயின்ற் அதற்குள்தான் இருக்கிறது, சுவிச்சைத் தொடவேண்டாம். முள் விழுந்து இஞ்சின் சுகமாக ஓடினால் பச்சை வயரின் பியூஸ் தளர்ந்திருக்கிறது.

காரை நிறுத்தி வைத்துப் பார்க்க இன்னொரு வழி உண்டு, அதற்குக் காது போதும். மைனரில் எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்ப் இருக்கிறது. பொனற்றைத் திறந்துவைத்துத் திறப்பைப் போட்டால் டிக் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓயும். இரவில் வீட்டு முன்றிலில் அது அடங்குகிற சத்தம் அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இருந்த காலமும் உண்டு, வெளிக்கிடுவதற்கு முன் அடிப்பது என்று அம்மா திருத்துவார். காபரேற்றருக்கு வருகிற குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டால் பம்ப் தொடர்ந்து அடிக்கும். சிகரற், தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். அடிக்கும்போதே திறப்பை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்ட ஆட்டத் தாளம் தவறினால் சுவிச்சின் உள்முனை தேய்ந்தது உறுதி.

தேய்வதற்குக் காரணம் அநேகமாகத் திறப்புக் கோர்வைதான். வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, மோட்டார் சைக்கிள் திறப்பு, ஒரு போத்தல் திறப்பான், பிள்ளையார் படம், எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கிக் குழிக்குக் குழி குதித்தால் சுவிச் என்ன செய்யும்? கார்த் திறப்பைத் தனியாக வையுங்கள்.

மழை துவங்கினா ஸ்ராட் ஆகுதில்ல. கார்த்திகை, மார்கழியில ஒவ்வொரு நாளும் தள்ளுறம். இக்னிசன் சுவிச்சுக்குள்ள தண்ணி போகுதா?

சுவிச்சுக்குள் போகவில்லை, டிஸ்ரிபியூட்டர் மூடியில் ஈரம் படிகிறது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடையுங்கள். கொயிலிலிருந்து வருகிற தடித்த வயரையும் நான்கு பிளக் வயரையும் துடையுங்கள். இருட்டில் இஞ்சின் ஓடவிட்டுப் பார்த்தால் வெடித்த வயரில் நீலப் பொறி ஓடும். அந்த வயரை மாற்றவேண்டும். கையோடு பொயின்ற் இடைவெளியையும் பாருங்கள், 0.015 அங்குலம். பிளக்கிற்கு 0.025.

பற்றரி களைத்துவிட்டால் தள்ளுவதற்கு ஊரைக் கூப்பிடவேண்டாம். முன்னால் கம்பி போட்டுச் சுற்றுகிற வசதி இந்தக் காரில் உண்டு. திறப்பைப் போட்டு, நியூற்றலில் வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். பெருவிரலைக் கம்பிக்குக் குறுக்கே சுற்றாமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கம்பி திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும்.

கதவு சாத்தினா பூட்டுப்படுதில்ல, ரெண்டு மூண்டு தரம் அடிச்சுச் சாத்த வேண்டிக் கிடக்கு. புதுப் பூட்டு வாங்கவா?

வாங்கமுன் ஒரு வேலை செய்யுங்கள். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைக் கீழிருந்து கையால் தூக்குங்கள். மேலும் கீழும் ஆடினால் பிணைச்சல் ஊசி தேய்ந்து கதவு சரிந்திருக்கிறது. பூட்டின் நாக்கு ஒரு உயரத்தில் வர, தூணில் இருக்கிற கொளுவி இன்னொரு உயரத்தில் காத்திருக்கிறது. புதுப் பூட்டுப் போட்டாலும் அதே கதைதான். முதலில் பிணைச்சல், பிறகுதான் கொளுவி.

கொளுவியின் திருகாணிகளைத் தளர்த்தமுன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறுங்கள். திரும்பிவர வழி வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நகர்த்தவேண்டாம். திருகாணியை இறுக்கி, கதவை அறையாமல் மெதுவாகத் தள்ளிச் சாத்திப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று இரண்டு சத்தம் கேட்கவேண்டும். முதலாவது பாதிப் பிடி, இரண்டாவது முழுப்பிடி. ஒன்று மட்டும் கேட்டால் கதவு பாதிதான் பூட்டியிருக்கிறது, அம்பாறை வீதி வளைவில் திறந்துகொள்ளும். புதிதாக ரப்பர் ஒட்டிய காரில் ரப்பர் தடிப்பாக இருப்பதாலும் இப்படி நடக்கும். ஒரு மாதம் பொறுத்தால் ரப்பர் படிந்துவிடும்.

வெளிக் கைபிடி சும்மா சுத்துது, கதவு திறக்குதில்ல. உள்பலகையக் கழட்டாமச் செய்யேலாதா?

இயலாது, கழற்றத்தான் வேண்டும். கைபிடியிலிருந்து ஒரு சதுரக் கம்பி பூட்டுக்குள் போகிறது. அந்தக் கம்பியோ, அது நுழைகிற சதுரத் துளையோ உருண்டையாகத் தேய்ந்திருக்கும். கைபிடியே துத்தநாக வார்ப்பு என்பதால் உள்ளே வெடித்திருக்கவும் கூடும். அதை ஒட்டி எடுக்க முடியாது, மாற்றவேண்டும்.

உள்பலகையைக் கழற்ற வருபவர்கள் முதலில் கண்ணாடி சுற்றுகிற கைபிடியில் திருகாணி தேடிக் களைப்பார்கள். திருகாணி இல்லை. கைபிடிக்குப் பின்னால் இருக்கிற வட்டத் தட்டைக் கதவுப் பக்கம் அமுக்கினால் ஒரு சிறு ஊசி தெரியும். அதை ஆணியால் தள்ளி எடுக்கவேண்டும். தள்ளமுன் கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். ஊசி பறந்து மணலில் விழுந்தால் மாலை முழுவதும் காந்தத்தோடு குந்தியிருக்க வேண்டிவரும்.

திறந்த கையோடு கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும், அநேகமாக அடைந்திருக்கும். கண்ணாடியால் இறங்குகிற மழைத்தண்ணீர் கதவுக்குள் வருவது இயற்கை, வெளியே போகாவிட்டால்தான் பூட்டுக் கறள் பிடிக்கும். ஒரு ஈர்க்கிலால் குத்தித் திறந்துவிடுங்கள். பூட்டின் அசைகிற பாகங்களுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். திறப்பு நுழைகிற உருளைக்கு அல்ல, அதற்கு இரண்டாவது பதிலில் சொன்னதுதான்.

திறப்பு இக்னிசனுக்குள்ள முறிஞ்சு போச்சு. சுப்பர் குளூ வச்சு ஒட்டி இழுக்கலாமெண்டு மச்சான் சொல்றான்.

மச்சானைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பசை துண்டோடு ஒட்டாமல் தகடுகளோடு ஒட்டும், அப்புறம் உருளையே குப்பை. தச்சர் வளைவு அறுக்கிற மெல்லிய வாள் அலகு ஒன்று எடுங்கள். பல்லுகள் உங்கள் பக்கம் பார்க்கும்படி திறப்பின் வெட்டுப் பக்கமாக உள்ளே விட்டு மெதுவாக இழுத்தால் துண்டைக் கொளுவிக்கொண்டு வரும். உருளை, திறப்பு வெளியே எடுக்கிற நிலையில் இருக்கவேண்டும். பாதி திரும்பி நின்றால் சின்னத் திருகாணி திருப்பியால் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு இழுங்கள்.

வராவிட்டால் பற்றரியைக் கழற்றிவிட்டு சுவிச்சை டாஷ்போட்டிலிருந்து எடுங்கள். பல லூக்காஸ் சுவிச்சுகளில் உடம்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். உருளையைப் போட்ட நிலைக்குத் திருப்பி, துளைக்குள் மெல்லிய கம்பியால் அமுக்கினால் உள்ளே இருக்கிற பூண் இறங்கி உருளை கழன்று வரும். உருளையை மட்டும் மாற்றலாம் என்று முன்னே சொன்னதும் இப்படித்தான்.

வெள்ளத்துக்குள்ள ரெண்டு நாள் நிண்ட கார். இப்ப திறப்பப் போட்டுப் பாக்கலாமா?

போடவேண்டாம். முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. ஈர சுவிச்சுக்கு மின்சாரம் போனால் பித்தளை முனைகள் பச்சையாக அரிக்கும், பியூஸ் இல்லாத வெள்ளை வயரின் கதையும் ஞாபகம் இருக்கட்டும். வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஏறியிருந்தால் பூட்டுகளையும் கதவின் உட்பக்கத்தையும் முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஈரத்தை ஈரத்தால் கழுவுவதா என்று கேட்பார்கள். உப்பு இருக்கும்வரை அது காயாது. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுனாமித் தண்ணீர் ஏறிய கார்கள் சிலவற்றில் உடல் தப்பியும் வயர் முனைகள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்தன.

கழுவிய பிறகு உள்பலகைகளைக் கழற்றி வெயிலில் விடுங்கள். சுவிச்சைப் பிரித்து, முனைகளைத் துடைத்து, பல்பால் சோதித்த பிறகு பற்றரி. இஞ்சின் எண்ணெய் பார்க்காமல் சுற்றக்கூடாது என்பது தனிக் கதை.

ஒரிஜினல் சுவிச் கிடைக்குதில்ல. த்ரீவீலர் சுவிச் போடலாமா? எலக்ரோனிக் இக்னிசன் போட்டா இந்தப் பிரச்சினையெல்லாம் தீருமா?

இரண்டும் வேறு வேறு கேள்விகள். சுவிச்சுக்குப் பற்றரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்பது முக்கியமில்லை, மின்சாரத்தைத் தாங்குமா என்பதே முக்கியம். த்ரீவீலர் சுவிச் சின்னது. கொயில், பெற்றோல் பம்ப், வைப்பர், பிறேக் லைற் எல்லாம் அந்த வெள்ளை வயரில்தான் தொங்குகின்றன. போடத்தான் வேண்டுமென்றால் நடுவில் ஒரு ரிலே வையுங்கள், சுவிச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். நான் என்றால் பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய லூக்காஸ் ஒன்று தேடுவேன். 300 கிலோமீற்றருக்கு மேல்தான், ஆனால் இரவு ரயிலில் போகிற ஆள் எப்போதும் ஊரில் இருப்பார். பழைய சுவிச்சைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், படம் போதாது.

எலக்ரோனிக் இக்னிசன் பொயின்ற்றை மாற்றும், திறப்பையும் சுவிச்சையும் மாற்றாது. டைனமோவோடு நிற்கிற மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலில் இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. அதற்கென்று செய்த சாமானைக் கேட்டு வாங்காவிட்டால் பூட்டிய நிமிடமே எரிந்துவிடும். யாராவது முன்பு மாற்றிப் பூட்டியிருக்கவும் கூடும், ஆகவே பற்றரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொயின்ற் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இஞ்சின் ஓடாமல் திறப்பைப் போட்டபடி விட்டு ரேடியோ கேட்காதீர்கள். பொயின்ற் மூடிய இடத்தில் நின்றிருந்தால் கொயில் சும்மா சூடேறிக்கொண்டே இருக்கும்.

கதவுகளுக்கு ரிமோட் லொக் போட்டா என்ன அண்ணை?

கதவுக்குள் இடமும் இல்லை, நேர்முனை பூமிக்கு ஒத்துவருகிற பெட்டியும் இலேசில் கிடைக்காது. நாலு கதவையும் பூட்ட எனக்கு அரை நிமிடம் பிடிக்கிறது. அந்த அரை நிமிடத்துக்குள் தெருவில் யாராவது வந்து இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.